கல்மண்டபத்தில் நான் பேசாமல் விட்ட பிரசங்கம்

ராயபுரத்தில் கப்பல் ஊதுவதும் பினாங்கில் கப்பல் ஊதுவதும் ஒரே மாதிரிதான் கேட்கின்றன. வந்து இறங்கிய அன்று மத்தியானம் கட்டிலில் சாய்ந்தபடி அந்தச் சத்தத்தைக் கேட்டபோது, ஊரைவிட்டுக் கிளம்பவே இல்லையோ என்று எனக்கு ஒரு மயக்கம். ஜன்னல் வழியாக வந்த காற்றில் உப்பும் டீசலும் கலந்திருந்தன. அதுவும் எங்கள் ஊர்க் காற்றுதான். பிறகு தெருவில் ஒரு பெண்குரல், "சங்கரா கீது, கானாங்கத்த கீது, நண்டு உசுரோட கீதும்மா" என்று இழுத்துக்கொண்டே போனது. அந்தக் 'கீது'தான் என்னை எழுப்பி ராயபுரத்தில் உட்கார வைத்தது.

பினாங்கில் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஆதித் திருச்சபையைப் பற்றிப் படிப்பதில் எனக்கு ஒரு பைத்தியம். ஆலயக் கட்டடமோ கோபுரமோ இல்லாத காலத்தில், துறைமுக ஊர்களின் சந்துகளில், யாராவது ஒருவர் வீட்டுக் கூடத்தில் கூடி ஜெபித்த அந்த முதல் ஜனங்களை எனக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரிப் பிடிக்கும். என் கணவரின் சித்தப்பா மகன் தங்கராஜுக்கு இது தெரியும். ராயபுரம் கல்மண்டபம் பக்கத்திலுள்ள தன் வீட்டில் மாலைக் கூட்டங்கள் நடத்துகிறவர் அவர். "மைனி, ஒரு தடவ வாங்க. ஆதிக் கிறிஸ்தவங்க எப்படிச் சமாதானமா இருந்தாங்கன்னு எங்க ஜனங்களுக்கு மூணு நாள் சொல்லிட்டுப் போங்க" என்று போனில் கூப்பிட்டார். கணவர் போன பிறகு நான் எங்கும் தனியாகப் போனதில்லை. சரி என்றுவிட்டேன்.

விமான நிலையத்திலிருந்து வந்த ஆட்டோ துறைமுகச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டது. முன்னும் பின்னும் இரும்புச் சுவர். ஓட்டுநர் இன்ஜினை அணைத்துவிட்டு, கால்களைத் தூக்கி மடித்துக்கொண்டு, "இன்னிக்குள்ள பூட்லாம்மா, பேஜாராவாத" என்றார். பக்கத்து லாரியின் ஓட்டுநர் வண்டிக்கு அடியில் அடுப்பு மூட்டி ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். இரும்பு மதில்களுக்கு நடுவில் சுட்ட மாவின் மணம். எனக்குக் கோபமே வரவில்லை. தூக்கம்தான் வந்தது.

சாயங்காலம் தங்கராஜின் மனைவி எஸ்தர் என்னை அத்தோ சாப்பிட அழைத்துப் போனாள். பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் இந்தக் கரைக்குக் கொண்டுவந்த நூடுல்ஸ் அது. கோஸும் வெங்காயமும் புளித்தண்ணீரும் பொரித்த பூண்டும் போட்டுக் கையாலேயே பிசைந்து தருகிறார்கள். கூடவே வாழைத்தண்டு போட்ட சூப். எங்கள் ஊரில் இதற்கு ஒன்றுவிட்ட அண்ணன் தம்பிகள் நிறையப் பேர் உண்டு. ஆனால் இந்தப் புளிப்பு அங்கே இல்லை. எஸ்தர் இரண்டாவது தட்டு வாங்கிக் கொடுத்துவிட்டு, "வீட்டுக்குப் போனா ஒரு சங்கதி இருக்கு மைனி. முன்னாலயே சொல்லிருதேன்" என்றாள்.

சங்கதி இதுதான். வீடு இரண்டு மாடி. கீழே தங்கராஜ். யானைக்கவுனியில் பருப்பு, புளி மொத்த வியாபாரம் செய்கிறார். மேலே அவர் தம்பி சாம்ராஜ். காசிமேட்டில் மீன் பெட்டி ஏற்றும் குட்டி வேன் வைத்திருக்கிறார். தம்பி பழைய ஆலயத்தை விட்டு வேறு சபைக்குப் போய்க் கடலில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தவர். அதுகூடப் பெரிதில்லை. அவர்கள் அம்மா இறந்தபோது, கல்லறைக் குழிக்குப் பக்கத்தில் நின்று சாம்ராஜ் வாய்விட்டு ஜெபிக்கத் தொடங்கியிருக்கிறார். தங்கராஜ், போதகர் முன்னாலும் ஊர் முன்னாலும், "நிறுத்துலே" என்றாராம். சாம்ராஜ் நிறுத்தினார். அன்றிலிருந்து அண்ணனிடம் பேச்சையும் நிறுத்திவிட்டார்.

நாங்கள் வீடு திரும்பியதும் கீழே ஆர்மோனியத்தோடு ஒரு பாட்டு தொடங்கியது. அதே நேரத்தில் மேலே தம்பூரினும் டிரம்ஸுமாக இன்னொரு பாட்டு. இவர்கள் குரலை உயர்த்த, அவர்களும் உயர்த்தினார்கள். பயணக் களைப்பில் நான் உள்ளறையில் கண்ணை மூடிக் கிடந்தேன். தூக்கத்தின் விளிம்பில் இரண்டு பாட்டும் ஒன்றோடொன்று பின்னி, எங்கேயும் இல்லாத மூன்றாவது பாட்டாகக் கேட்டன. அது அழகாகவே இருந்தது. முழித்துக்கொண்டதும் சண்டையாகிவிட்டது.

மறுநாள் காலை இட்லியும் வடகறியும். பொடித்த வடையைக் குழம்பாக்கும் யோசனை யாருக்கு முதலில் தோன்றியதோ, அவர் நன்றாக இருக்கட்டும். சாப்பிடும்போதே தங்கராஜ் விஷயத்துக்கு வந்தார்.

"மைனி, ஆதிச் சபையில மனஸ்தாபம் இருக்கவங்கள நற்கருணை அப்பம் பிட்க விடமாட்டாங்களாம்லா? முதல்ல ஒப்புரவாகிட்டு வரணும்னு."

"ஆமா. அப்படித்தான் இருந்திருக்கு."

"அதத்தான் இன்னைக்குச் சொல்லணும். மைக்க ஜன்னல் பக்கமா வச்சிருதேன்." மேலே ஒரு தடவை பார்த்தார். "கேக்க வேண்டியவங்களுக்குக் கேக்கட்டும்."

என் பையில் அந்தப் பிரசங்கம் அப்படியே எழுதியிருந்தது. பினாங்கில் எழுதும்போது அது ரொட்டியைப் போல மிருதுவாக இருந்தது. இந்தச் சாப்பாட்டு மேஜையில் அது கல்லாக மாறுவதைப் பார்த்தேன். வெளியே கொஞ்சம் சுற்றிவிட்டு வருகிறேன் என்று எழுந்துகொண்டேன்.

வாசலில் நேற்றைய குரலின் சொந்தக்காரி உட்கார்ந்து சங்கரா மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள். கன்னியம்மா. எதிர்ச் சந்தில் வீடு. கணவர் ஏழுமலை ஃபைபர் போட்டில் கடலுக்குப் போகிறவர். விடியுமுன் போனால் மத்தியானம் திரும்பிவிடுவாராம்.

"நீதான் மலேசியாக்கா? கூட்டத்துல பேசப் போறியாமே. சண்ட போடாம இருக்கச் சொல்லி பேசு யக்கா. சாய்ந்தரம் ஆனா ரெண்டு ஸ்பீக்கரும் சேந்து எங்க வூட்டு ஓட்ட தூக்குது" என்று சிரித்தாள். சிரிக்கும்போதும் கத்தி நிற்கவில்லை.

ஷேர் ஆட்டோவில் எண்ணூர்ப் பக்கம் போனேன். திருவொற்றியூரைத் தாண்டியதும் ஒரு பக்கம் கடல், அலையை மறித்துக் கொட்டிய கருங்கற்கள்; மறுபக்கம் மதில், குழாய், தொட்டி, புகைபோக்கி. வெயிலில் எல்லாமே வெளிறிப்போய், யாரோ அழிரப்பரால் தேய்த்த படம் போல இருந்தது. பாதி வழியில் ஆட்டோவின் பின் டயர் படீரென்று போய்விட்டது. எல்லோரும் இறங்கிக் கற்களின் மேல் உட்கார்ந்தோம். பக்கத்தில் இரண்டு பெண்கள் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தார்கள். பழவேற்காட்டுப் பக்கத்துக்காரர்கள். பினாங்கில் எங்கள் பக்கத்து வீடு தெலுங்கு வீடு என்பதால் எனக்குப் புரிந்தது. "மாமியார்கிட்ட நான் பேசறதில்ல. ஆனா அவளுக்கு இருமல் வந்தா எனக்குத் தூக்கம் வர்றதில்ல" என்றாள் ஒருத்தி. "அப்போ நீ பேசிக்கிட்டுத்தான் இருக்கே" என்றாள் மற்றவள்.

முகத்துவாரத்தில் ஆறு கடலோடு சேரும் இடத்தில் வெகுநேரம் நின்றேன். சாம்பல் நிறத் தண்ணீர், பச்சைத் தண்ணீர். அதில் இடுப்பளவு நின்று ஒருவர் வலை வீசினார். பின்னால் புகைபோக்கிகள் மௌனமாக மூச்சு விட்டன. நான் படித்த அந்தப் பழைய ஜனங்களும் இப்படிப்பட்ட இடத்தில்தானே இருந்தார்கள் என்று தோன்றியது. சுமை இறக்குகிறவர்கள், கூடாரத் துணி தைக்கிறவர்கள், சாயம் விற்கிறவர்கள். கொள்ளைநோய் வந்து ஊரே ஓடியபோது, ஓடாமல் நின்று அடுத்தவர் நோயாளிகளுக்குத் தண்ணீர் கொடுத்தவர்கள். அவர்கள் பேசி ஜெயித்ததாக நான் எங்கேயும் படிக்கவில்லை. பக்கத்தில் இருந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். பக்கத்தில் இருப்பதற்கு மைக் தேவைப்பட்டிருக்காது.

அன்று மாலை அந்தத் தண்ணீர் கொடுத்த கதையை மட்டும் பேசினேன். மைக்கை மெதுவாக உள்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டேன். கூட்டம் முடிந்ததும் தங்கராஜ், "நல்லா இருந்துச்சு மைனி. நாளைக்கு அந்த விஷயத்தச் சொல்லிருங்க" என்றார். முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது.

மூன்றாம் நாள் காலை தெருவில் மீன் குரல் இல்லை. அழுகைக் குரல் இருந்தது.

ஏழுமலையின் போட் முந்தின நாள் திரும்பவில்லை; வந்துவிடும் என்று இரவு முழுக்கக் காத்திருந்திருக்கிறார்கள். அவரோடு அவர் மச்சானும் இன்னொருவரும் போயிருந்தார்கள். அவர்கள் திரும்பும் நேரத்தில் காற்று திடீரென்று மாறியதாம். கூடப் போன மற்ற போட்டுகள் வந்துவிட்டன. கடலோரக் காவலுக்குத் தகவல் சொல்லியாயிற்று. எஸ்தர் அடுப்பை அணைத்துவிட்டுச் செருப்பை மாட்டினாள். நானும் கிளம்பினேன்.

காசிமேட்டில் ஏலம் நடந்துகொண்டுதான் இருந்தது. ஐஸ் உடைக்கும் சத்தம், தண்ணீர் வழியும் தரை, கூடைகள், கத்தல். அந்த இரைச்சலுக்கு நடுவே, கரையோரம் கவிழ்த்து வைத்த ஒரு போட்டின் நிழலில் கன்னியம்மா உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் பெண்கள். அவளுக்கு ஒரு பக்கம் சாம்ராஜின் மனைவி கிரேஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். எஸ்தர் ஒரு நொடி தயங்கினாள். பிறகு போய் மறுபக்கம் உட்கார்ந்து இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டாள்.

சாம்ராஜ் விடிந்ததிலிருந்து அங்கேதான் இருந்திருக்கிறார். ஒல்லியான மனிதர். சட்டையெல்லாம் மீன் செதில். பழவேற்காடு, அதற்கும் வடக்கே இருக்கும் கரைகள் என்று தெரிந்த வண்டிக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுக்கொண்டிருந்தார். "ஃபைபர் போட்டு, நீலக் கலரு, மூணு பேரு" என்று ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொன்னார். குரல் கட்டிப்போயிருந்தது.

வெயில் ஏறியது. கடல் சட்டி எண்ணெய் மாதிரி அசையாமல் மினுங்கியது. எது தண்ணீர், எது வானம் என்று தெரியாத ஒரு வெளுப்பு. தூரத்தில் புள்ளி தெரிந்தால் எல்லோரும் எழுந்தோம். புள்ளி கப்பலாகும், எல்லோரும் உட்காருவோம். இப்படி எழுந்தும் உட்கார்ந்தும் நேரம் நகரவே இல்லை. கனவில் ஓட முயலும்போது கால் நகராதே, அந்த மாதிரி ஒரு காலை.

பதினோரு மணி வாக்கில் தங்கராஜ் வந்தார். கடையைப் பாதியில் பூட்டிவிட்டு, உழைப்பாளிகள் சாப்பிடும் ஓட்டலில் எல்லோருக்குமாக இட்லிப் பொட்டலம் கட்டி, இரண்டு கையிலும் பை தூக்கிக்கொண்டு வந்தார். கவிழ்த்த போட்டைச் சுற்றி வந்தபோது தம்பிக்கு நேர் எதிரில் நின்றுவிட்டார். இருவருக்கும் நடுவே கன்னியம்மா.

அவள் நிமிர்ந்து இருவரையும் பார்த்தாள். முகம் காய்ந்து, கண் மட்டும் ஈரம்.

"நைனா, உங்க சாமிகிட்ட எனக்காவ கேளுங்க."

"கேக்கேம்மா. காலையிலேருந்து கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார் சாம்ராஜ்.

"நானும் வீட்ல ஜெபம் பண்ணிட்டுத்தாம்மா வாரேன்" என்றார் தங்கராஜ்.

"அப்டி வாணாம்." அவள் இரண்டு கையையும் விடுவித்துக்கொண்டாள். "மேல் வூட்ல தனியா, கீழ் வூட்ல தனியா, அதெல்லாம் எனக்கு வாணாம். எனக்கு டைம் இல்ல நைனா. ரெண்டு பேரும் ஒண்ணா நின்னு கேளுங்க. இங்கியே. இப்பவே."

பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஏலக்காரரின் குரல் எங்கோ தொலைவில் கேட்டது. தங்கராஜ் இட்லிப் பைகளைக் கீழே வைத்தார். வைத்த பிறகு கைகளை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. யார் தொடங்குவது? கல்லறைக் குழியருகே எழுந்த அதே கேள்விதான் இங்கே இருவருக்கும் நடுவில் மறுபடி நின்றது.

"நீங்க சொல்லுங்கண்ணே" என்றார் சாம்ராஜ்.

அந்த 'அண்ணே' தங்கராஜை அசைத்துவிட்டது. வாயைத் திறந்தார், சொல் வரவில்லை. மேடையில் தங்குதடையில்லாமல் ஜெபிக்கிறவர் அவர். கடைசியில், சிறுவயதிலிருந்தே எல்லோருக்கும் மனப்பாடமான கர்த்தருடைய ஜெபத்தைத் தொடங்கினார். சாம்ராஜ் சேர்ந்துகொண்டார். எஸ்தரும் கிரேஸும் நானும் சேர்ந்தோம். மன்னிப்பைப் பற்றிய இடம் வந்ததும் தங்கராஜின் குரல் நின்றது; நாங்களும் நிறுத்திவிட்டோம். சாம்ராஜ் மட்டும் அந்த வரியைச் சொன்னார். சொல்லிவிட்டு, அண்ணனுக்காகக் காத்திருந்தார். தங்கராஜ் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அதைத் திரும்பச் சொன்னார். பிறகு முடிவு வரை இருவரும் சேர்ந்தே போனார்கள்.

கன்னியம்மா கூப்பிய கையைப் பிரிக்கவில்லை. "தாயே, எங்கம்மா" என்று தன் அம்மனையும் அதே மூச்சில் கூப்பிட்டாள். யாரும் முகம் சுளிக்கவில்லை.

அதற்குப் பிறகு அண்ணனும் தம்பியும் பெரிதாக ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. தங்கராஜ் ஒரு பொட்டலத்தைப் பிரித்து நீட்டினார். "சாப்டுலே. காலையிலேருந்து ஒண்ணும் சாப்டிருக்க மாட்ட." சாம்ராஜ் போனைக் காதில் வைத்தபடியே மறு கையால் வாங்கிக்கொண்டார். அந்த 'லே'யில் இப்போது வேறு சத்தம் இருந்தது.

மூன்று மணிக்கு மேல் போன் வந்தது. பழவேற்காட்டுக்கும் வடக்கே, இன்ஜின் செத்துப்போய் மிதந்துகொண்டிருந்த போட்டை அந்தப் பக்கத்து மீனவர்கள் பார்த்திருக்கிறார்கள். மூன்று பேரும் உயிரோடு இருந்தார்கள். "கீறாங்க! கீறாங்க!" என்று யாரோ கத்தினார்கள். கன்னியம்மா ஈர மணலில் அப்படியே படுத்துவிட்டாள். அழுகையா சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை. சாம்ராஜ் வேனை எடுத்தார். அண்ணன் கேட்காமலேயே பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டார். அன்று இரண்டு வீட்டிலும் கூட்டம் நடக்கவில்லை.

நாலாம் நாள் காலை மூன்று பேரும் வந்து சேர்ந்தார்கள். உதடு வெடித்து, தோல் உரிந்து, கண்கள் உள்ளே போய். வலை முழுவதும் போய்விட்டது. இன்ஜின் தேறாது. "வலை பூட்ச்சு, ஆளு வந்துட்ச்சு" என்று கன்னியம்மா தெருவில் வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னாள்.

அன்று மாலை என் கடைசிக் கூட்டம். மேல்வீட்டு ஜனங்களும் கீழே இறங்கி வந்திருந்தார்கள். கூடம் போதாமல் வாசல் வரை செருப்பு. ஆர்மோனியத்துக்குப் பக்கத்திலேயே டிரம்ஸைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். ஒன்றுக்கொன்று சுருதி சேரவில்லை. யாருக்கும் அது பற்றிக் கவலையும் இல்லை.

ஒப்புரவைப் பற்றிய பிரசங்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்தேன். எல்லோரையும் பார்த்தேன். பிறகு மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன். "ஆதிச் சபையில் அப்பம் பிட்குமுன் ஒருவர் கையை ஒருவர் பிடித்துச் சமாதானம் சொல்லிக்கொள்வார்களாம். நாமும் சொல்லுவோம். நான் பேசுவதற்கு வேறொன்றும் இல்லை" என்று சொல்லி உட்கார்ந்தேன்.

கிரேஸ்தான் முதலில் எழுந்து எஸ்தரின் கையைப் பிடித்தாள். பிறகு கூடம் முழுவதும் வளையல் சத்தம். அண்ணனும் தம்பியும் எதிரெதிரே நின்றபோது நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். பார்க்காதது இன்றைக்கும் கொஞ்சம் வருத்தம்தான்.

வாசலில் கன்னியம்மா நின்றிருந்தாள். இடுப்பில் பெரிய அலுமினிய குண்டான், நிறைய மீன் குழம்பு. இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தாள். சமாதானம் ஒவ்வொருவராகக் கடந்து வாசலுக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டது. அவளிடம் சொல்லலாமா என்று யாருக்கும் தெரியவில்லை.

அவளே புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினாள். "எனக்கு இல்லியா?"

தங்கராஜ் வேகமாகப் போய் இரண்டு கையாலும் அந்தக் கையைப் பிடித்தார். "சமாதானம்மா. உனக்கும் உன் வீட்டுக்கும் சமாதானம்."

"நல்லா கீது இது" என்றாள். பின்னாலேயே சொன்னாள்: "வெள்ளிக்கெயம எங்க அம்மனுக்குப் பொங்க வெக்கிறேன். வேண்டிக்கினேன். நீங்க அல்லாரும் வர்ணும்."

வரமாட்டோம் என்றால் அவள் முகம் என்னவாகும்? வருகிறோம் என்றால் மறுநாள் எத்தனை பேர் சண்டைக்கு வருவார்கள்? ரொம்பக் கண்டிப்பானவர் என்று பேரெடுத்த சாம்ராஜ்தான் வாயைத் திறந்தார்.

"கும்பிட வரமாட்டோம் கன்னியம்மா. அது உனக்கே தெரியும். ஆனா அடுப்புக்கு விறகு வேணும்லா? நான் என் வண்டியில கொண்டாந்து போட்டுருதேன்."

கன்னியம்மா யோசித்தாள். "காஞ்ச வெறகா பாத்து எட்தா நைனா. போன தபா ஒரே பொக" என்றாள்.

குழம்பு காரத்தில் எல்லோருக்கும் மூக்கு ஒழுகியது. சோறு எஸ்தர் வீட்டில், அப்பளம் கிரேஸ் வீட்டில். எங்கள் ஊர் மீன் கறியில் தேங்காய்ப்பால் காரத்தை ஆற்றிவிடும். இங்கே ஆற்றுவதற்கு ஒன்றுமே கிடையாது. மூன்று தடவை போட்டுச் சாப்பிட்டேன்.

வியாழக்கிழமை நான் ஊர் திரும்பிவிட்டேன். வெள்ளிக்கிழமை மாலை காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்தபோது எஸ்தர் போன் செய்தாள். அவள் குரலுக்குப் பின்னால் பம்பைச் சத்தமும் பெண்கள் குலவையிடுவதும் கேட்டன.

"நீ எங்கே இருக்கே?" என்றேன்.

"கோயில் தெருமுனையில மைனி. விறகு இறக்க வந்தவங்க ரெண்டு பேரும் இன்னும் வீட்டுக்கு வரல. பாத்துட்டு வருவோம்னு வந்தேன்."

"உள்ளே போய்ட்டாங்களா?"

"உள்ளயும் போகல, வீட்டுக்கும் கிளம்பல. கன்னியம்மா வாசல்ல ரெண்டு சேரு போட்டுக் குடுத்துருக்கா. அண்ணனும் தம்பியும் கோயிலுக்கு முதுகக் காட்டி உக்காந்துகிட்டு, மத்தியானத்துலேருந்து பேசிக்கிட்டே இருக்காங்க."